மகர்நோன்பு அம்பு வெளிச்சத்தில் போடப்படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஜயதசமி வந்தால் மைசூரு யானை ஊர்வலத்துக்கும் குலசேகரன்பட்டினத்து வேடங்களுக்கும் பத்திரிகைகளில் இடம் கிடைக்கிறது. அதே நாளில் செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் நடக்கும் மகர்நோன்பு, மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரே ஒரு படத்தோடு முடிந்துவிடுகிறது. குதிரை வாகனத்தில் சுவாமி, வில்லும் கையுமாகக் குருக்கள், சுற்றிலும் கைபேசியைத் தூக்கிப் பிடித்த கூட்டம். படம் பெரும்பாலும் இருட்டில் எடுத்ததாகவே இருக்கிறது. அந்த இருட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வெளியூர் வாசகர்களுக்காக முதலில் இரண்டு வரி. நவராத்திரி ஒன்பது நாளும் கோயிலுக்குள் கொலுவிருந்த அம்மன், பத்தாம் நாள் குதிரையேறி ஊர்ப் பொட்டலுக்குப் போய், அசுரனாக நட்டு வைத்த வாழைமரத்தின் மேல் அம்பு போட்டுத் திரும்புவதுதான் மகர்நோன்பு. சில ஊர்களில் வாழைக்குப் பதிலாக வன்னிக் கிளை. சில ஊர்களில் அம்மனுக்குப் பதிலாகச் சிவன் கோயில் உற்சவரோ முருகனோ குதிரையேறுவார். பல கோயில் சுவாமிகளும் ஒரே பொட்டலில் கூடும் ஊர்களும் உண்டு. காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் என்று ஓர் இடத்துக்கே பெயர். தஞ்சாவூரில் மானம்புச்சாவடி என்று வழங்கும் பகுதியின் முழுப்பெயரும் மகர்நோன்புச்சாவடிதான். ராமநாதபுரத்தில் அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மனை முன்வைத்துச் சேதுபதிகள் நவராத்திரியை அரச விழாவாகவே நடத்தினார்கள். அந்தச் சீமையின் வழக்கம் சிவகங்கை, காரைக்குடி, தேவகோட்டை என்று இந்த மண் முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

அம்பு போடுவது சாயங்கால வேலை. அக்டோபர் தொடக்கத்தில் எங்கள் பக்கம் சூரியன் மறைவது 6 மணியை ஒட்டி. மூன்றாம் வாரத்துக்கு வந்துவிட்டால் 6-க்குச் சில நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும். அதற்கு மேல் இருபது நிமிடம் வெளிச்சம் தங்கினால் பெரிது. ஆகவே 5.30-க்கு வாகனம் பொட்டலில் நிற்க வேண்டும். பல ஊர்களில் 7.30-க்கும் 8-க்கும்தான் நிற்கிறது. சின்ன நாணல் அம்பு இருட்டில் போனால் யார் கண்ணுக்குத் தெரியும்? மணிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

தாமதத்துக்குக் காரணமாக அலங்காரத்தைச் சொல்வார்கள், மேளக்காரரைச் சொல்வார்கள், பிரமுகர் வரவில்லை என்பார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் நேரத்தைத் தின்பது மண்டகப்படி, அதாவது வழியில் அந்தந்தத் தெருவாரும் குடும்பத்தாரும் சுவாமியை நிறுத்தித் தங்கள் செலவில் செய்யும் பூஜையும் மரியாதையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோயிலுக்கும் பொட்டலுக்கும் ஒரு கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், குதிரை வாகனம் நிற்காமல் போனால் அரை மணி நேரம். வழியில் 12 மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் வாகனத்தை இறக்கித் தாங்குகட்டையில் நிறுத்தி, மாலை சாத்தி, தேங்காய் உடைத்து, தீபாராதனை காட்டி, மண்டகப்படிக்காரர் குடும்பத்தில் ஒவ்வொருவராகத் திருநீறு வாங்கி, பரிவட்டம் கட்டி, மறுபடி தோளுக்கு ஏற்ற 12 நிமிடம் ஆகும். மொத்தம் 144 நிமிடம். நாலரைக்குக் கிளம்பிய வாகனம் ஏழரைக்குப் போய்ச் சேருவதில் மாயம் ஒன்றும் இல்லை.

மண்டகப்படியை நிறுத்தச் சொல்லவில்லை. அது இல்லாமல் திருவிழாச் செலவு நடக்காது. அந்தந்தத் தெருவுக்கு, அந்தந்த வகையறாவுக்கு உரிய மரியாதையும் அதில்தான் இருக்கிறது. போகும் வழியில் கோயில் வாசலில் ஒன்று, பொட்டல் முகப்பில் ஒன்று என இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மீதிப் பத்தையும் திரும்பும் வழிக்கு மாற்றிவிட்டால் போதும். சண்டைக்குப் புறப்பட்ட அம்மனைப் பத்து இடத்தில் நிறுத்தி வைப்பதைவிட, வென்று திரும்பும் அம்மனை வாசலில் கோலம் போட்டு நிறுத்தி ஆரத்தி எடுப்பது பொருத்தமும்கூட. திரும்பும்போது யாருக்கும் அவசரம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம் நின்றாலும் பாதகமில்லை. முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு வருமே என்று விழாவை நடத்தும் காரியக்காரர்கள் தயங்குவது தெரிந்ததுதான். வரிசையை அப்படியே தலைகீழாக்காமல், இன்று இருக்கும் வரிசை எண்ணையே வைத்துக்கொண்டு, திரும்பும் பாதையை வேறு தெரு வழியாகச் சுற்றிவிட்டால் ஒன்றாம் எண் ஒன்றாம் எண்ணாகவே இருக்கும். செட்டிநாட்டு ஊர்களின் தெருக்கள் கோடு கிழித்த மாதிரி நேராகவும் அகலமாகவும் இருப்பதால் இப்படிச் சுற்றிவர முடியும்.

இனி வாகனம். மகர்நோன்பு அன்று மத்தியானமே குதிரையை வாகன மண்டபத்திலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். வருடத்தில் ஓரிரு தடவைதான் எடுப்பது என்பதால் அடிப்பலகையில் கறையான் இருக்கிறதா, வாரையை, அதாவது தோளில் வைத்துத் தூக்கும் நீளக் கழியைக் கோக்கும் இரும்பு வளையங்களில் துரு இருக்கிறதா என்பதைத் தட்டிப் பார்க்காமல் சுவாமியை ஏற்றக் கூடாது. வாரையில் வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆள் ஒருவர் நடுவில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறுதான். நைலான் கயிறு பார்க்கக் கெட்டி, ஆனால் வழவழப்பான வாரையில் முடிச்சு நழுவும். நழுவுவது கோயில் வாசலில் தெரியாது, பாதி வழியில்தான் தெரியும். கட்டி முடித்ததும் ஒருமுறை தோளுக்கு ஏற்றி, நாலு அடி நடந்து, இறக்கி, எல்லா முடிச்சையும் மறுபடி இறுக்க வேண்டும். முதல் தூக்கலில் கட்டு எப்போதும் கொஞ்சம் இளகும். இந்த இரண்டாம் இறுக்கலை நேரம் இல்லை என்று விட்டுவிடுகிற ஊரில்தான் சுவாமி சாய்ந்துவிட்டது என்ற பேச்சு வருகிறது.

பாய்ச்சல் குதிரையாக இருந்தால் முன்னங்கால் தூக்கி இருக்கும், பாரம் பின்பக்கம் இறங்கும். வாகனமும் சுவாமியும் சேர்ந்து 400 கிலோ என்றால் 16 பேருக்கு ஆளுக்கு 25 கிலோ வர வேண்டும். பின்வாரைக்காரர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே வரும். வாகனம் தூக்கி அனுபவப்பட்ட சீர்பாதம் தாங்கிகளைப் பின்னால் நிறுத்துவது அதற்காகத்தான். உயரம் பார்த்து ஆள் நிறுத்துவதும் முக்கியம். குட்டையானவர் பக்கத்தில் நெட்டையானவர் நின்றால் நெட்டையானவர் தோளில் இரண்டு பேர் பாரம். ஆசைக்காக நடுவில் புகுந்து தோள் கொடுக்கும் இளைஞர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள். தோள் கொடுக்க ஆசையா, மத்தியானம் வாரை கட்டும்போது வந்து நில்லுங்கள். உயரம் பார்த்து இடம் சொல்வார்கள்.

பாதையில் மூன்று கண்டம். முதலாவது, முந்தின நாள் ஆயுதபூஜைக்கு நடுத்தெருவில் உடைத்த பூசணிக்காய். குங்குமத்தோடு சேர்ந்து இரவெல்லாம் ஊறி, மறுநாள் வழுக்குப்பாறை ஆகியிருக்கும். இருசக்கர வண்டிக்காரர்களையே அது கீழே தள்ளுகிறது. வெறுங்காலோடு 25 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறவர் என்ன ஆவார்? விஜயதசமி காலையிலேயே பாதை முழுக்கக் கூட்டி, கறை உள்ள இடத்தில் மணல் தூவ வேண்டும். தண்ணீர் விட்டு அலசுவது இன்னும் மோசம். கடைக்காரர்கள் பூசணியை ஓரத்தில் உடைத்து, உடைத்த கையோடு அள்ளிவிட்டால் பாதி வேலை மிச்சம். இரண்டாவது, வாறுகால் என்னும் சாக்கடை மேல் போட்ட சிலாப்பும் அளவில்லாமல் போட்ட வேகத்தடையும். முன்வாரை ஏறி இறங்கும்போது பாரம் முழுக்கப் பின்னால் சாய்ந்து முன்னால் திரும்பும். அந்த இடங்களை, வாகனத்துக்கு முன்னால் கட்டியம் கூறிப் போகும் கட்டியக்காரர் முன்கூட்டியே குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். கொட்டுச் சத்தத்தில் குரல் கேட்காத ஊர்களில் ஒருவர் கையில் சிவப்புத் துண்டு போதும்.

மூன்றாவது கண்டம் தலைக்கு மேல். தோள் உயரம் ஐந்து அடி, குதிரை ஐந்தாறு அடி, அதற்கு மேல் சுவாமி, சுவாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசி, குடை. கூட்டினால் 15 அடிக்குக் குறையாது. தெருவைக் குறுக்கே கடக்கும் வீட்டு மின்கம்பிக்கு விதிப்படி 5.8 மீட்டர், அதாவது 19 அடி இருக்க வேண்டும். அது இருந்தால் வாகனம் தாராளமாகப் போகும். ஆனால் கம்பம் சாய்ந்த இடத்தில் அது இருப்பதில்லை. கேபிள் டிவி, இன்டர்நெட் வயர்களோ 12 அடியில் தொங்குகின்றன. உலர்ந்த மூங்கில் கவைக்கம்பு பிடித்த இரண்டு பேர் முன்னால் போய்க் கேபிள் வயரைத் தூக்கிவிடலாம். மின்கம்பியை மட்டும் எந்தக் கம்பாலும் தொடக் கூடாது. மின்வாரியத்துக்கு எழுத்தில் கொடுத்து அந்தத் தெருவுக்கு அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிர் போனதை யாரும் மறக்கவில்லை. ஆனாலும் குடையில் சீரியல் விளக்குக் கட்டி, ஜெனரேட்டரை வண்டியில் இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் கூடிக்கொண்டேதான் இருக்கிறது. பகலில் போனால் சீரியல் விளக்கே வேண்டியதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

தீவட்டி வேண்டும். அது வெளிச்சத்துக்கு மட்டும் அல்ல, மரியாதைக்கு. ஆனால் இப்போது பிடிக்கும் தீவட்டிகளைக் கவனியுங்கள்: நெருப்புச் சொட்டுச் சொட்டாக ஒழுகும். கிடைத்த பழைய துணியை எல்லாம் சுற்றுவதால் வரும் வினை இது. பாலியெஸ்டர் கலந்த துணி எரிவதற்கு முன் உருகும், உருகியது சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரியும், உதறினாலும் போகாது. பருத்தி வேட்டியை மட்டும், நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, நனைக்காமல் இறுக்கிச் சுற்றி, மெல்லிய இரும்புக் கம்பியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. கறுத்த உருண்டையாகத் திரண்டால் தூர எறியுங்கள். எண்ணெயில் தோய்த்தபின் ஐந்து நிமிடம் தலைகீழாக நிறுத்தி மிச்சம் வடியவிட வேண்டும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கூடவே கூடாது. பிடிக்கிறவர் வாகனத்துக்குப் பக்கவாட்டில் ஆறு அடி தள்ளி நடக்க வேண்டும். முன்னால் போனால் புகை முழுக்கத் தூக்குபவர்கள் கண்ணில்.

இனி பொட்டல். வாழைமரத்தை முந்தின நாளே வெட்டிக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் பார்த்தால் இலை தொங்கி, அசுரன் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறான். அன்று மத்தியானத்துக்கு மேல் வெட்டினால் போதும். ஏழு அடி உயரம், நாலைந்து இலை, அடித்தண்டு ஒரு கைக்கு அடங்காத பருமன். ஒன்றரை அடிக் குழியில் இறக்கி, மண்ணை மூன்று தடவையாகப் போட்டு ஒவ்வொரு தடவையும் மிதித்து, பின்பக்கம் ஒரு மூங்கிலை ஊன்றிச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். மரத்தைச் சுற்றி 30 அடிக்குக் கயிறு. மரத்தின் பின்பக்கம் முழுக்க ஆள் இல்லாமல் விட வேண்டும். நாணல் அம்பு இலேசானது, காற்று அடித்தால் ஒதுங்கும். முனையில் இரும்பு இல்லாவிட்டாலும் குழந்தையின் கண்ணுக்கு அது போதும்.

வில் மூங்கில் பட்டையில் செய்வது. செய்கிறவர்கள் நன்றாகத்தான் செய்து தருகிறார்கள். காலையிலேயே நாணை ஏற்றிப் பூஜையில் வைத்துவிடுவதால் சாயங்காலத்துக்குள் மூங்கில் வளைந்தபடியே பழகி விசை போய்விடுகிறது. அப்புறம் குருக்கள் இழுத்துவிட்டால் அம்பு காலடியில் விழுகிறது, கூட்டம் சிரிக்கிறது. நாணைத் தளர்த்தியே வைத்திருந்து, பொட்டலுக்கு வந்த பிறகு ஏற்றினால் இருபது அடி தாராளமாகப் போகும். அம்பு எத்தனை என்பது கோயில் வழக்கம். அதற்கு மேல் மூன்று உபரி வைத்திருங்கள். முதலில் திசைகளுக்கு, கடைசியில் மரத்துக்கு என்று போடுகிற ஊர்களில் திசை அம்புகளை வானத்தைப் பார்த்துப் போடுவதே நல்லது. கூட்டம் நாலு பக்கமும் நிற்கிறது.

அம்பு விழுந்ததும் அதை எடுத்துப் போய் வீட்டில் வைக்க ஓட்டமும் தள்ளுமுள்ளும். வாழை இலையையும் நாராகக் கிழித்துவிடுகிறார்கள். இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். தீபாராதனை முடிந்து வாகனம் திரும்பும்வரை கயிற்றை அவிழ்க்காமல் இருந்தால் போதும். வாகனம் நிற்கும்போது கூட்டம் பாய்ந்தால் முன்வாரைக்காரர்கள்தான் இடிபடுகிறார்கள். இதுவும் பகலில் கொஞ்சம் அடங்கி நடக்கும், இருட்டில் அடங்காது.

பொட்டல் என்றால் வெறும் இடம். ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் அதன் உபயோகம். வருடம் முழுக்கச் சும்மா கிடக்கிறதே என்று ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் கழிப்பறை, நடுவில் பேவர் பிளாக், மூலையில் வாடகை கார் நிறுத்தம் என்று பல ஊர்களில் சுருங்கிக்கொண்டே வருகிறது. பேவர் பிளாக் போட்ட இடத்தில் வாழை நட முடியாது. டிரம்மில் மண் நிரப்பி நடுகிறார்கள், அது சாய்கிறது. மழை பெய்தால் கல் வழுக்கும். இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர்களில் பொட்டல் பெரும்பாலும் ஊரணிக்கு நீர் வரத்து. மேட்டில் பெய்த மழை பொட்டலில் வழிந்து வரத்துக்கால் வழியாக ஊரணிக்குப் போகும் வாட்டம் பார்த்துத்தான் முன்னோர்கள் ஊர் கட்டினார்கள். மகர்நோன்பு இரவு அங்கே கிடக்கும் பேப்பர் கப், பிளாஸ்டிக் பை, பஜ்ஜி எண்ணெய் எல்லாம் அடுத்த மழைக்கு ஊரணியில் மிதக்கும். விழா முடிந்த மறுநாள் காலை, மழைக்கு முன்னால், பொட்டலைக் கூட்டிவிட்டுத்தான் பந்தல்காலைப் பிடுங்க வேண்டும். கடை ஏலம் எடுத்தவரிடமே இதற்கான தொகையை முன்பணமாக வாங்கி வைப்பது நல்ல வழி.

மழையும் ஒரு கணக்குத்தான். 2023-ல் விஜயதசமி அக்டோபர் 24, 2024-ல் 12, 2025-ல் 2 என்று வந்தது. 2026-ல் அக்டோபர் 20. ஐப்பசி பிறந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு வழக்கமாகச் சொல்லும் தேதியும் ஏறக்குறைய அதுவே. அதற்கு முந்தைய வாரங்களில்கூட எங்கள் பக்கம் பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டுச் சாயங்காலத்துக்கு மேல்தான் இடி மழை இறங்கும். இரவு எட்டு மணி அம்பு மழையில் மாட்டுவதற்கு வாய்ப்பு அதிகம். வாகனத்தோடு நான்கு முனையிலும் மூங்கில் கட்டிய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுபோங்கள், ஆனால் காற்றோடு மழை வந்தால் அதை விரிக்காதீர்கள். பாய்மரம் மாதிரி இழுக்கும். பக்கத்தில் இருக்கும் பெரிய வளவு வீட்டு முகப்பில் ஒதுங்குவதே சரி.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் போட்டு வந்து, அம்பைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். காலையிலேயே வாருங்கள். ஏழு மணிக்குக் கோயிலில் சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்து நெல்லில் எழுத வைப்பார்கள். பத்து மணிக்கு மேல் திரை போட்டு அலங்காரம். அப்போது சுவாமியைப் பார்க்க முடியாது, ஊரைப் பார்க்கலாம். மத்தியானம் வாரை கட்டுவதைப் பார்க்க அனுமதி கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், வாரையைத் தாண்டாமல் இருந்தால் சரி. வாகனம் புறப்படும்போது நாகஸ்வரத்தில் புறப்பாட்டுக்கு உரிய மல்லாரி வாசிப்பார்கள், கம்பீர நாட்டை ராகத்தில். அதைக் கேட்க வேண்டுமானால் கோயில் வாசலிலேயே நில்லுங்கள். தெருமுனைக்கு வருவதற்குள் செண்டை மேளம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில் போதுமான இந்தத் தெருக்களுக்குச் செண்டை எதற்கு என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படம் எடுப்பவர்கள் மேற்கே முதுகு காட்டி நின்றால் சாயங்கால வெயில் குதிரை முகத்தில் விழும். பிளாஷ் வேண்டாம், தூக்குகிறவர்களுக்குக் கண் கூசி அடி தவறும். டிரோன் விடுவதாக இருந்தால் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், கோயிலிலும் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பு இல்லாமல் நடக்க வேண்டியிருக்கும். பொட்டலில் முள் இருக்கும்.

பொட்டலில் வெள்ளைப் பணியாரம் சுடச்சுடக் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் பார்த்து வாங்குங்கள். நல்ல பணியாரம் நடுவில் உப்பி, ஓரம் சல்லடை போல் மொறுமொறுவென்று, நிறம் வெள்ளையாகவே இருக்கும். பச்சரிசியைப் படியில் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கிற அளவுக்குக் குவித்து, இரண்டையும் சேர்த்து ஊறப்போடுவது வீட்டுக் கணக்கு. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெய் மாதிரி அரைத்து, கரண்டியில் மொண்டு ஊற்றினால் தானே பரவுகிற பதத்துக்கு வர வேண்டும். கெட்டியாக இருந்தால் பரவாமல் போண்டா ஆகிவிடும். தண்ணீர் கூடினால் எண்ணெயில் விரிந்து உப்பாமல் கிடக்கும். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். ஒரு தடவைக்கு ஒன்றுதான் ஊற்றலாம். கடைகளில் காலையில் அரைத்த மாவைச் சாயங்காலம்வரை வைத்து ஊற்றுவதால் புளித்துச் சிவந்து, கையில் எடுத்தால் எண்ணெய் வடிகிறது. சட்டியில் நாலைந்து ஒன்றாக மிதந்தாலும், பக்கத்தில் மிளகாய்த் துவையல் இல்லாவிட்டாலும் நகர்ந்துவிடுங்கள்.

பிரசாதச் சுண்டலுக்கும் ஒரு குறிப்பு. ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். தொன்னைக்கு 50 கிராம் வைத்தால் ஏறக்குறைய நாற்பது பேருக்கு. ஆயிரம் பேருக்கு 25 கிலோ என்று எழுதிக்கொள்ளுங்கள். மத்தியானமே தேங்காய் போட்டுக் கிளறி மூடி வைப்பதுதான் தவறு. இரவு எடுக்கும்போது நூல் விட்டிருக்கும். தாளித்ததைத் தனியாக ஆறவைத்து, தேங்காயைக் கொடுப்பதற்கு அரை மணி முன்னால் சேருங்கள். விழா தாமதமானால் சுண்டலும் கெடுகிறது என்பதையும் காரியக்காரர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இரவு தங்குகிறவர்கள் திரும்பும் ஊர்வலத்தையும் பாருங்கள். மறுநாள் சென்னை போக வேண்டியவர்களுக்கு விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயில் இருக்கிறது. பண்டிகைக் கூட்டம் என்பதால் முன்பதிவு இல்லாமல் நம்ப வேண்டாம்.

மண்டகப்படி வரிசையைத் திரும்பும் வழிக்கு மாற்றுவதென்றால் அதைப் புரட்டாசியில் பேசிப் பயனில்லை. திருவிழாப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன், ஆவணியில் கூடும் முதல் கூட்டத்திலேயே பேசி, மண்டகப்படிக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பத்திரிகையில் ‘மாலையில் அம்பு போடுதல்’ என்று பொதுவாகப் போடாமல் ‘மாலை 5.30’ என்று அச்சிட வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விஜயதசமிக்கு முந்தின வாரம், காரைக்குடி, தேவகோட்டை வட்டார ஊர்கள் ஒவ்வொன்றிலும் அம்பு போடும் நேரத்தைக் கோயில்களிடம் கேட்டு வாங்கி, உள்ளூர்ப் பக்கத்தில் ஊர்வாரியாக வெளியிடுங்கள். விழா முடிந்தபின் எந்த ஊரில் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதையும் பக்கத்திலேயே போட்டால் இன்னும் நல்லது. பக்கத்து ஊர் 5.40-க்குப் போட்டது, நம் ஊர் 8.10 என்று அச்சில் பார்த்தால் அடுத்த வருடம் கூட்டத்தில் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
திருவிழா வேலைகளில் உடன் நிற்போர்,
காரைக்குடி வட்டாரம்.